வாயில்லா ஜீவனுக்கான அளவு

ஆவுடையப்பன் தன் எலும்பு மஜ்ஜையை மாற்றிக்கொள்ளப் புறப்பட்ட அன்று வீட்டில் உளுந்த வடை சுட்டார்கள். பொருநைப்பள்ளத்தில் அதுதான் வழக்கம். வியாழனைச் சுற்றும் கலிஸ்டோ என்ற நிலாவில், பனிப்பாறைக்கு அடியில் குடைந்து கட்டிய ஊர் அது. வியாழன் உமிழும் கதிர்வீச்சு பனிக்கூரையைத் தாண்டிக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கசியும். அது முதலில் கைவைப்பது ரத்தம் ஊறும் மஜ்ஜையில்தான். அதனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊரார் ஒவ்வொருவரும் பழைய மஜ்ஜையை மருந்தால் துடைத்தெடுத்துவிட்டு, பிறந்தபோதே எடுத்து உறைய வைத்திருந்த சொந்தக் குருத்தணுக்களை ஏற்றிக்கொள்வார்கள். இதற்குப் புதுக்கல் என்று பெயர். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பதைத் தள்ளிப்போடுவது மாதிரி இதையும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார்கள். அப்புறம் ஒரு நாள் அலுத்துக்கொண்டே போய்ச் செய்துகொண்டு வருவார்கள்.

பழைய மஜ்ஜை போய்ப் புதியது வேர்பிடிக்கும்வரை ரத்தத்தில் வெள்ளணுக்களே இருக்காது. 'வெள்ளை வடிஞ்சிருக்கு' என்பது ஊர்ப்பேச்சு. வெள்ளை வடிந்தவரைக் கண்ணாடி அறையில் வைப்பார்கள். சொந்தபந்தம் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஊர்வம்பு பேசும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு குருதிமானி பதித்திருக்கும். காலையில் எழுந்ததும் அதில் விரலை வைத்தால் அன்றைய வெள்ளணு எண்ணிக்கையைச் சொல்லும். தெருவில் இரண்டு பேர் எதிர்ப்பட்டால், சாப்பிட்டாச்சா என்று கேட்பதில்லை. 'வெள்ளை எத்தனை?' என்றுதான் கேட்பார்கள். ஆறாயிரம், ஏழாயிரம் என்று பதில் வரும். கூட்டிச் சொல்கிறவர்களும் உண்டு.

ஆவுடையப்பன் பனி வெட்டும் எந்திரங்களுக்கு மேலாளர். பேச்சுக்காரர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மொட்டைத் தலையோடு உட்கார்ந்து, இந்தப் பக்கம் வந்தவர்களையெல்லாம் பேசியே களைக்கவைத்தார். அவர் மனைவி செண்பகவடிவுக்கு அது பழகிப்போன சங்கதி. அவளுக்கு வேறு ஒரு குணம். எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்காமல் இருக்க முடியாது. ஊரின் கழிநீரைக் குடிநீராக்கும் ஆலையில் அவள் பொறியாளர். ஊரில் யார் என்ன சாப்பிட்டார், என்ன மருந்து விழுங்கினார் என்பதெல்லாம் கடைசியில் அவள் வடிகட்டிக்கு வந்து சேரும். அதைப்பற்றி அவள் யாரிடமும் வாய் திறந்ததில்லை.

மனித மருத்துவர் என்று ஊரில் யாரும் இல்லை. ஆளுக்கும் மாட்டுக்கும் சேர்த்து மருந்தாளி ஒன்றுதான். கூரைத் தண்டவாளத்தில் தொங்கியபடி ஆறு கைகளோடு தெருத்தெருவாகப் போய்வரும் எந்திரம் அது. முன்பு இருந்த மருந்தாளிக்கு ஊரார் கண்டிப்பு என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். மாத்திரையை விழுங்கி, நாக்கைத் தூக்கிக் காட்டும்வரை அது வாசலைவிட்டு நகராது. பாதியில் நிறுத்தியவரைச் சமுதாயக் கூடத்துக்கே தேடி வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டு மானத்தை வாங்கும். ஊர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பூமிக்கு மனு எழுதியது. அடுத்த கப்பலில் புது மருந்தாளி வந்து இறங்கியது. கண்டிப்பைப் பிரித்துப்போட்டார்கள். அதன் கைகள் இப்போது சமுதாயக் கூடத்தில் பரோட்டா அடிக்கின்றன, நன்றாகவே அடிக்கின்றன.

புதியது தங்கமான குணம். வந்த சூட்டிலேயே ஊர்ப்பேச்சைப் பிடித்துக்கொண்டது. ஆண்கள் எல்லாரும் அண்ணாச்சி, பெண்கள் எல்லாரும் மயினி. யாரையும் அதட்டாது, யார் வீட்டு வாசலிலும் நின்று வம்பு வளர்க்காது. வடிவுக்கும் அதைப் பிடித்துத்தான் இருந்தது. மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் அவளும் ஒருத்தி.

வெள்ளை முழுக்க வடிந்த பிறகு ஒரு காலையில் ஆவுடையப்பனுக்குக் காய்ச்சல் கண்டது.

மற்றவர்களுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். வெள்ளை வடிந்தவருக்கு அப்படியில்லை. கிருமி வெளியிலிருந்து வர வேண்டும் என்பதுகூட இல்லை. குடலுக்குள் சாதுவாகக் குடியிருப்பவையே, காவலுக்கு ஆள் இல்லை என்றதும் ரத்தத்துக்குள் இறங்கிவிடும். ஒரு மணி நேரத்துக்குள் கிருமிக்கொல்லி உடம்புக்குள் போயாக வேண்டும். மருந்தாளி அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. காய்ச்சல் என்று தெரிந்த உடனே ஓடிவந்து ஊசியைப் போட்டது. மறுநாள் காய்ச்சல் இறங்கியது. ஆவுடையப்பன் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார். மருந்தாளி அவர் கையிலிருந்த ஊசிக்குழாயைக் கழற்றிவிட்டு, உடம்பைப் பார்த்துக்கிடுங்க அண்ணாச்சி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

காய்ச்சல் திரும்பி வந்தது. மருந்தாளியும் திரும்பி வந்தது. இரண்டாம் முறையும் காய்ச்சல் இறங்கியது, இரண்டாம் முறையும் அது மருந்தை நிறுத்தியது. மூன்றாம் முறை காய்ச்சல் வந்தபோது ஆவுடையப்பன் பேசுவதை நிறுத்திவிட்டார். வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்களைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார். வடிவுக்குப் பயம் வந்தது அப்போதுதான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மனிதர் சும்மா இருந்து அவள் பார்த்ததில்லை. இந்தப் பேச்சு இல்லாத வீட்டில் தான் எப்படி இருக்கப்போகிறோம் என்று ஒரு கணம் நினைத்துவிட்டு, நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

பயம் வந்தாலும் அவள் மூளை கேள்வி கேட்பதை விடவில்லை. ஆலைக்குப் போய்க் கண்ணாடி அறையிலிருந்து வரும் குழாயைச் சோதித்துப் பார்த்தாள். கணவருக்கு ஏற்றிய மருந்தில் பெரும்பகுதி கொஞ்ச நேரத்திலேயே சிறுநீரோடு வெளியேறி அவள் வடிகட்டிக்கு வந்துகொண்டிருந்தது. குழாய்ப்பாசிக்கு மருந்து விடுகிறவள் அவள். தண்ணீர் வேகமாக ஓடும்போது மருந்தைக் கூட்ட வேண்டும், இல்லையென்றால் பாசியைத் தொடுவதற்குள் அது அடித்துக்கொண்டு போய்விடும் என்பது அவளுக்கு அன்றாடப் பாடம். தண்ணீர் தெளிந்துவிட்டதே என்று பாதியில் நிறுத்தினால், குழாய் மூட்டுகளில் ஒளிந்திருக்கும் பாசி மறுபடி கிளம்பும் என்பதும் தெரியும். நேரே கண்ணாடி அறைக்கு வந்து மருந்தாளியைக் கூப்பிட்டாள்.

கொடுக்கிற மருந்தெல்லாம் என் வடிகட்டிக்கு வருகிறதே, தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றது மருந்தாளி. வெள்ளை வடிந்தவருக்குக் காய்ச்சல் வந்தால் சிறுநீரகம் ரொம்ப வேகமாக வேலை செய்யும், உடம்பில் நீரும் கோத்துக்கொள்ளும், போட்ட மருந்து கரைந்தும் வடிந்தும் போய்விடும், மற்றவர்களுக்குப் போடும் அளவு இவர்களுக்குக் காணாது என்று விளக்கமாகவே சொன்னது. அப்படியானால் கூட்டிக் கொடுப்பதற்கு என்ன என்றாள் வடிவு.

"மனுஷங்க ஒத்துக்கிட மாட்டாவ மயினி. பவரு ஜாஸ்தி, உடம்பு சூடாயிரும்னு சொல்லுவாவ."

"இங்க ஆரு சொன்னா? அவரு பேசவே இல்லையே."

"எல்லாரும் சொல்லுவாவ. அதான் நானே கொறச்சிக் குடுத்தேன்."

வடிவு கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டாள். காய்ச்சல் விட்டதும் நிறுத்தினாயே, உள்ளே கிருமி செத்துவிட்டதா என்று பார்த்தாயா என்று கேட்டாள். பார்க்கவில்லை என்றது. மீதி மருந்து? அது பத்திரமாக இருக்கிறது, வேறு யாருக்காவது இதே மாதிரி வந்தால் ஆகும் என்றது.

இந்தப் பதிலை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. யார் உனக்கு இப்படி வைத்தியம் சொல்லிக்கொடுத்தது என்றாள். மருந்தாளி மறைக்கவில்லை. அதற்கு மறைக்கவே தெரியாது. பழைய மருந்தாளிகளைப் பற்றிப் பல ஊர்களிலிருந்தும் மனுக்கள் குவிந்ததாம். புத்தகத்தைப் பார்த்து வைத்தியம் செய்கிறது, மனிதர்களைப் புரிந்துகொள்ளவில்லை என்று ஒரே புகார். அதனால் புதிய மருந்தாளிகளைச் செய்தவர்கள் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, பூமியில் ஆயிரக்கணக்கான வீடுகளில் இவற்றைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க விட்டார்களாம். மருத்துவர் என்ன எழுதினார் என்பதை விட்டுவிடு, மனிதர்கள் மருந்தை உண்மையில் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று பார், அதேபோல் செய் என்பதுதான் கட்டளை. மனிதர்களுக்கு எது பழக்கமோ அதுதான் இதற்கு மருத்துவ முறை. அந்த வீடுகளில் ஏழு நாள் எழுதிக்கொடுத்தால் இரண்டு நாள் சாப்பிட்டார்கள். காய்ச்சல் விட்டதும் அட்டையை மடித்து டப்பாவில் போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் எடுத்துக் கொடுத்தார்கள்.

"அப்படிச் சாப்பிட்டும் முக்காவாசிப் பேரு பொழச்சிட்டாவ மயினி. அதுனால அது சரியான முறைன்னு படிச்சிக்கிட்டேன்."

வடிவு கேட்டது ஊரில் யாரும் யாரையும் தினமும் கேட்கிற கேள்விதான்.

"அவங்களுக்கெல்லாம் வெள்ளை எத்தனை?"

எல்லாருக்கும் நிறைய இருந்தது என்றது மருந்தாளி.

"அப்ப பாதி வேலைதான் மாத்திரை பாத்திருக்கு. மிச்சத்த வெள்ளணு பாத்திருக்கு. பேரு வாங்குனது மட்டும் ரெண்டு நாள் மாத்திரை. இவருக்கு அந்த வெள்ளணு இல்ல. மொத்த வேலையும் மருந்துதான் பாக்கணும்."

அதைக் கேட்டு மருந்தாளிக்கு உண்மையிலேயே சந்தோஷம். இந்தக் கோணத்தில் யாருமே தன்னிடம் பேசியதில்லை, நல்ல யோசனை என்று பாராட்டியது. ஆனால் இதை வைத்துத் தன்னால் எதுவும் செய்ய முடியாது என்றும் சொன்னது. வெள்ளை வடிந்த மனிதர்கள் மருந்தை எப்படிச் சாப்பிடுவார்கள் என்று அது பார்த்ததில்லை. பூமியில் அப்படிப்பட்டவர்கள் மருத்துவமனையில் இருப்பார்கள். இது பார்த்ததோ வீடுகளை. இந்த ஊருக்கு வந்த பிறகு புதுக்கலுக்குப் போன நாலைந்து பேருக்கும் காய்ச்சல் வரவில்லை. மனிதர்கள் செய்து காட்டாத எதையும் மனிதருக்குச் செய்ய அதற்கு அனுமதி இல்லை.

வடிவு பூமியில் அதைச் செய்தவர்களுக்குச் செய்தி அனுப்பினாள். ஒளி போய்த் திரும்புகிற நேரம் முழுவதும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கணவர் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் வந்தது. தங்கள் கருவி பயனர்களின் விருப்பப்படியே சீராக இயங்குகிறது, மகிழ்ச்சி என்று எழுதியிருந்தார்கள்.

கணவருக்குக் கஞ்சி வைத்து எடுத்து வருவோம் என்று அவள் வீட்டுக்குப் போனாள். அவர் குடிக்கப்போவதில்லை என்று தெரியும். கை சும்மா இருக்க முடியவில்லை. கஞ்சியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது பக்கத்து வீட்டு உலகம்மாள் முற்றத்தில் ஆடு கத்தியது. உலகம்மாள் வளர்க்கும் பால் ஆடு அது. ஈர்ப்பு விசை குறைந்த ஊர் என்பதால் துள்ளினால் கூரையில் முட்டும். அதனால் கயிற்றில் கட்டிவைத்திருப்பாள். சில நாட்களாக அதற்கு மடிவீக்கம். வடிவு எட்டிப் பார்த்தபோது மருந்தாளி அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையால் ஆட்டை எடைபோட்டது. ஒரு கையால் காதிலிருந்து சொட்டு ரத்தம் எடுத்து மருந்து எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்த்தது. எவ்வளவு பொறுமை, எவ்வளவு கணக்கு. வடிவு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

மடி வற்றிவிட்டது, ஆடு நன்றாகத் தின்கிறது, இனிமேல் ஊசி வேண்டாம் என்று உலகம்மாள் சொல்லிக்கொண்டிருந்தாள். மருந்தாளி அசைந்துகொடுக்கவில்லை. இன்னும் சில ஊசிகள் பாக்கி இருக்கின்றன, நடுவில் விட்டால் வீக்கம் திரும்பும் என்றது.

"அதுவுஞ் சரிதான்," என்றாள் உலகம்மாள். "வாயில்லா ஜீவன். வலிச்சா நம்மகிட்டயா வந்து சொல்லப்போவுது? முழுசாப் போட்டுரு."

வடிவு உள்ளே வந்தாள். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது.

"ஆட்டுக்கு மட்டும் ஏன் முழுசாப் போடுத?"

மருந்தாளிக்கு அந்தக் கேள்வி ஆச்சரியமாக இருந்தது. அந்த ஆயிரக்கணக்கான வீடுகளில் நாயும் மாடும் கிளியும்கூட இருந்தன என்றது. தன் மாத்திரையை இரண்டாம் நாளே தூக்கிப்போட்ட அதே ஆள், கிளிக்கு எழுதிக்கொடுத்த சொட்டுமருந்தை நேரம் தவறாமல் கடைசிச் சொட்டுவரை ஊட்டினார். மாட்டுக்கு ஊசி என்றால் வேலைக்கு விடுப்புப் போட்டார். சூடு என்று சொல்லவில்லை, பவர் என்று சொல்லவில்லை. எடை கேட்டார், எழுதியதைக் குறையாமல் கொடுத்தார்.

"மனுஷங்க தப்பில்லாம மருந்து குடுக்கது வாயில்லா ஜீவனுக்கு மட்டுந்தான் மயினி. அதையுந்தான் படிச்சிருக்கேன்."

கஞ்சிப் பாத்திரத்தை உலகம்மாள் கையில் கொடுத்துவிட்டு வடிவு ஓடினாள். அந்த ஊரில் ஓடுவது என்பது பாதி பறப்பது. மருந்தாளியும் தண்டவாளத்தில் அவள் தலைக்கு மேலேயே ஓடிவந்தது, என்ன என்று தெரியாமலே. கண்ணாடி அறை வாசலில் மூச்சு வாங்க நின்று, ஒரு ஆட்டைப் பதிய வேண்டும் என்றாள்.

மருந்தாளி அங்கேயே பதிவைத் தொடங்கியது. பெயர் ஆவுடையப்பன். எடை கேட்டது, சொன்னாள். இவ்வளவு பெரிய ஆடு ஊரில் கிடையாதே என்று ஒரு நிமிடம் தயங்கியது.

"மயினி, இது அண்ணாச்சின்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா என்ன? பதிவுல என்னன்னு இருக்கு?"

"ஆடுன்னு."

"எந்த மனுஷனாவது பதிவுல இருக்கத விட்டுட்டு ஆளைப் பாத்திருக்கானா?"

மருந்தாளி தான் பார்த்த அத்தனை மனிதர்களையும் அத்தனை அலுவலகங்களையும் ஒருமுறை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். நீங்கள் சொல்வது சரிதான் என்று ஒத்துக்கொண்டது. உரிமையாளர் என்ற இடத்தில் வடிவின் பெயரைப் போட்டது. கடைசியாக ஒரே ஒரு விவரம் கேட்டது.

"பாலுக்கா, கறிக்கா?"

"ரெண்டுக்கும் இல்ல," என்றாள் வடிவு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஆசைக்கு வளக்கது."

அதற்குப் பிறகு நடந்ததைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தவர்களால் நம்ப முடியவில்லை. காய்ச்சல் வந்தால் ஊசி போட்டுவிட்டுக் கதை பேசிக்கொண்டு போகிற அதே மருந்தாளி, ஆறு கைகளையும் ஆவுடையப்பனுக்குக் கொடுத்துவிட்டது. மருந்தின் அளவை இரண்டு மடங்காக்கியது. ஒரே மூச்சில் ஏற்றினால் சிறுநீரகம் வாரிக்கொண்டு போய்விடும் என்று, நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக இறங்கும்படி வைத்தது. ரத்தத்தில் மருந்து தங்குகிறதா என்று சோதித்தது. போதவில்லை என்றதும் இன்னும் கூட்டியது. வடிவு ஆலைக்கும் கண்ணாடி அறைக்கும் நடையாக நடந்தாள். அவள் வடிகட்டியில் அதே மருந்து இன்னும் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் இந்த முறை உள்ளேயும் போதுமான அளவு தங்கியது.

காய்ச்சல் இறங்கியது. மருந்தாளி குழாயைக் கழற்றவில்லை.

ஆவுடையப்பனிடம் முதலில் திரும்பி வந்தது பேச்சுதான். கண்ணைத் திறந்தவர் மருந்தாளியைப் பார்த்து, காய்ச்சல்தான் விட்டுவிட்டதே, இன்னும் எதற்குக் கையில் குழாய் என்று கேட்டார். அதட்டிப் பார்த்தார். தான் யார் தெரியுமா என்று கேட்டார். மேலாளர் பதவியைச் சொல்லி மிரட்டினார். மருந்தாளி ஒரு கையால் அவர் பிடரியை மெதுவாகத் தடவிக்கொடுத்தது. ஆடு கத்துகிறது என்பதற்காக யாராவது மருந்தை நிறுத்துவார்களா? பசிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து ஒரு கட்டு அகத்திக்கீரை கொண்டுவந்து வைத்தது.

"ஏட்டி வடிவு, என்னட்டி நடக்குது இங்க?" என்று கண்ணாடியைத் தட்டிக் கேட்டார்.

வடிவு தரையில் உட்கார்ந்து சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு சொன்னாள். அவர் கீரையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, உப்புப் போட்டு வேகவைத்துத் தரச் சொன்னார்.

புது மஜ்ஜை வேர்பிடித்து வெள்ளை ஊறத் தொடங்கும்வரை மருந்து நிற்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் கொஞ்ச நாள் மாத்திரை இருந்தது. மருந்தாளி வீடு தேடி வந்து, தாடையைப் பிடித்து, ஒன்றுவிடாமல் போட்டுவிட்டுப் போனது. தெருவில் பையன்கள் அவரைப் பார்த்து மே என்றார்கள். உயிர் பிழைத்த மனிதருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? இரண்டு நாள் பொருட்டில்லை, மூன்றாம் நாள் தன்னை மனிதப் பதிவுக்கு மாற்றச் சொல்லி மருந்தாளியிடம் போய் நின்றார். உரிமையாளர் சொன்னால்தான் முடியும் என்று திருப்பி அனுப்பிவிட்டது. மாத்திரை முடியட்டும் என்றாள் உரிமையாளர்.

விஷயம் ஊர்க்கூட்டத்துக்கு வந்தது. பழைய மாதிரி ஒரு மருந்தாளியைத் திரும்ப வரவழைக்கலாம் என்று ஒருவர் எழுந்து சொன்னார். எல்லாரும் அவரைப் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு மாதிரியாகப் பேசி முடிவுக்கு வந்தார்கள். புதுக்கலுக்குப் போகிறவரை வீட்டார் ஆடாகப் பதிந்துகொள்ளலாம். ஆனால் யாரையும் அவர் சம்மதம் இல்லாமல் பதியக் கூடாது, மனிதருக்கு என்று ஒரு மரியாதை இருக்கிறதல்லவா? தீர்மானத்துக்குப் பலத்த கைதட்டல் கிடைத்தது.

மறுநாளே மருந்தாளியின் நிலையத்தில் பெரிய வரிசை. ஆவுடையப்பனின் மாத்திரை முடிந்துவிட்டதால், அவரை மறுபடி மனிதராக்கிவிட்டுப் போகலாம் என்று வடிவும் அங்கே வந்திருந்தாள். ஊரில் பாதிப் பேர் நின்றார்கள். மனைவி கணவனை இழுத்து வந்திருந்தாள்; மகன் அப்பாவைக் கூட்டிவந்திருந்தான்; உலகம்மாள் தன் அண்ணனை நாற்காலியோடு தூக்கிவந்திருந்தாள். எல்லாரும் அடுத்தவரைப் பற்றியே பேசினார்கள். இவருக்கு மருந்து சாப்பிடத் தெரியாது, பாதியில் விட்டுவிடுவார், கட்டாயம் ஆடாகப் போட்டுவிடுங்கள் என்றார்கள். இழுத்துவரப்பட்டவர்களிடம் மருந்தாளி பணிவாகச் சம்மதம் கேட்டது. தனக்கு எதற்கு என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். தன் உடம்பு அப்படிப்பட்டதில்லை என்றார்கள். வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது; ஒருவர்கூட ஆடாகவில்லை.

வடிவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இத்தனை நடந்தும் இந்த ஜனங்களுக்குப் புத்தி வரவில்லையே என்று ஆச்சரியமாக இருந்தது. கண்ணால் பார்த்த பிறகும் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே தன் முறைக்கு முன்னால் வந்தாள். ஆவுடையப்பனை மனிதராக்கச் சொன்னாள். மருந்தாளி ஆக்கியது.

"மயினி, அடுத்தாப்ல புதுக்கல் ஒங்களுக்குத்தான். காலையில அண்ணாச்சி வந்து, ஒங்கள ஆடாப் பதியச் சொல்லிட்டுப் போயிருக்காவ. ஒங்களுக்குச் சம்மதந்தானா?"

"எனக்கு எதுக்கு?" என்றாள் வடிவு. "இந்த மருந்து விஷயம் எல்லாம் எனக்கு நல்லாத் தெரியும். எவ்வளவு போடணும், எப்ப நிறுத்தணும்னு நானே சொல்லுவேன்."

மருந்தாளி அவளை மனிதர் என்று பதிந்துகொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டது.